திறந்து கிடந்த எஞ்சின்

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டு ஷெரின் சொல்லி வாங்கியது. வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து இவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். இவர் என்ன வார்த்தை சொல்கிறார், எதைக் காட்டிச் சொல்கிறார் என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள் நான். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எழுதிவிடலாம்.

முதலில் விவரம். பெயர் தேவசேனாபதி. வயது அறுபத்திரண்டு. போன வருஷம் வரை பீளமேட்டில் பம்புசெட் பாகங்கள் வார்க்கிற ஃபவுண்டரி வைத்திருந்தார். ஏப்ரல் 28, திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, வீட்டுக் கார் ஷெட்டில் விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்து நடக்கிறார். விழுந்த நேரம் தெரியாது.

இன்றைய வார்த்தைகள்: தண்ணீருக்கு ‘தட்டு’. மாத்திரைக்கு ‘சனிக்கிழமை’. எனக்கு ‘கதவு’.

ஜூன் 10, செவ்வாய்

இன்று பெரிய குழப்பம். ரசம் போடட்டுமா என்றால் ‘ஆமா’ என்கிறார், ஊற்றினால் தட்டைத் தள்ளுகிறார். ஜன்னலைச் சாத்தவா என்றால் ‘இல்ல’ என்கிறார், சாத்தாமல் விட்டால் முறைக்கிறார். ஷெரினிடம் கேட்டேன். தலைக்குள் சரியான பதில்தான் இருக்கும், வாய்க்கு வரும்போது இடம் மாறிவிடும் என்றாள். அப்படியானால் எப்போதும் மாற்றி எடுத்துக்கொள்ளலாமா என்றேன். எப்போதும் மாறாது, சில சமயம் சரியாகவும் வரும் என்றாள்.

சோதித்துப் பார்த்தேன். “ஏனுங்க, உங்க பேரு தேவசேனாபதிதானுங்களே?” என்றேன். நன்றாக யோசித்து, “இல்ல” என்றார்.

ஜூன் 12, வியாழன்

புது வார்த்தை: ‘மூச்சு’. காலையிலிருந்து பத்துப் பதினைந்து தடவை சொல்லிவிட்டார். தெளிவாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். விரலில் ஆக்சிஜன் அளக்கிற கருவியை மாட்டிப் பார்த்தேன், 97. மறுபடி பார்த்தேன், 98. படுக்கையை நிமிர்த்தி வைத்தேன், மின்விசிறியைக் கூட்டினேன். “மூச்சு, மூச்சு” என்று இடது கையால் கட்டிலை அடிக்கிறார். எனக்குத்தான் மூச்சு முட்டியது.

ஜூன் 13, வெள்ளி

ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் ஒன்றுமில்லை.

விழுந்த அன்று இவரைப் பார்த்த இளவயது டாக்டரே இன்றும் இருந்தார், பழைய ஃபைலைப் புரட்டினார். இன்னும் கொஞ்சம் முன்னால் கூட்டி வந்திருந்தால் பேச்சு இந்த அளவுக்குப் போயிருக்காது என்று அன்று சொன்னதையே இன்றும் சொன்னார். விழுந்த சத்தம் எதுவும் கேட்கவில்லையா என்றார். கேட்கவில்லை என்றேன். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பெங்களூரிலிருந்து அகிலன் வந்துவிட்டுப் போனான். பிப்ரவரியில் கல்யாணம் ஆன பிள்ளை, வந்த இடத்தில் அப்பாவுக்கு ஷேவிங் செய்துவிட்டு, நகம் வெட்டிவிட்டான். பிறகு காரைப் பற்றி ஆரம்பித்தான். இவர் போன செப்டம்பரில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார். பழைய வண்டிதான், இவர் மூன்றாவது சொந்தக்காரர். சாம்பல் நிறம், இரண்டே சீட், தரையோடு தரையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பிப் போவார், எட்டு மணிக்குத் திரும்புவார். எங்கே போகிறார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

“அம்மா, அத வித்தரலாம். இனி யாரு ஓட்டப் போறாங்க?” என்றான். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியை விற்றுவிடலாமா என்று மெதுவாகக் கேட்டான். “ஆமா” என்றார். அகிலன் என்னைப் பார்த்தான். இவருக்கு ஆமாவும் இல்லையும் இடம் மாறும் என்று சொன்னேன். மறுபடி கேட்டான். “ஆமா, ஆமா, மூச்சு” என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. விற்க வேண்டும் என்று அழுகிறாரா, விற்கிறார்களே என்று அழுகிறாரா? அகிலன் முதலாவதுதான் என்கிறான். எனக்குத் தெரியவில்லை.

போகும்போது, அப்பாவுக்கு என்ன பிடிக்கும் பிடிக்காது என்று உனக்குத் தெரியாதாம்மா, நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டீர்களா என்று கேட்டான். நாங்கள் எப்போதுமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை என்றேன்.

ஜூன் 18, புதன்

ஷெரின் இடது கையில் பென்சிலைக் கொடுத்து, மூச்சு என்றால் என்ன என்று வரைந்து காட்டச் சொன்னாள். ஒரு செவ்வகம் போட்டார். அதற்குள் நெருக்க நெருக்கமாகக் கோடுகள். முப்பது நாற்பது இருக்கும். ஆர்மோனியம் என்றேன். ஷெரின் ஜன்னல் கம்பி என்றாள். வேலைக்கு வருகிற மாராத்தாள் எட்டிப் பார்த்துவிட்டு, துணி துவைக்கிற பலகையாக இருக்கும் என்றாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். கடைசியில் பென்சிலை எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 19, வியாழன்

புரிந்துவிட்டது.

சாயங்காலம் முற்றத்தில் நடக்கக் கூட்டிப் போனேன். நேராக ஷெட்டைப் பார்த்து நடந்தார். அன்றைக்குப் பிறகு நான் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. திறந்தால், வண்டியின் பின் டிக்கி மேலே தூக்கியபடியே நிற்கிறது. விரிப்பு சுருட்டிக் கிடக்கிறது, மூடித் தகடு சுவரில் சாய்ந்திருக்கிறது, உள்ளே எஞ்சின் தெரிகிறது. இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால் இருக்கும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ஒரு கறுப்புப் பெட்டி பாதி கழன்று வாய் பிளந்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலின் மேல் செவ்வகமாக ஒரு சாமான், மடிப்பு மடிப்பாக மடித்த காகிதம். இவர் வரைந்தது அச்சாக அதுவேதான். ஒரு பாதியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்திருந்தார். மறுபாதி மண் நிறத்தில் இருந்தது.

எஞ்சினுக்குக் காற்றை வடிகட்டி அனுப்புகிற ஏர் ஃபில்டர். வண்டி மூச்சு விடுகிற இடம். அதைக் கழற்றிய நிலையில் விழுந்திருக்கிறார். ஏழு வாரமாகத் தூசியும் பல்லியும் உள்ளே போகுமே என்று படுத்தபடியே தவித்திருக்கிறார். “மூச்சு” என்றேன். “மூச்சு” என்றார்.

அப்போதுதான் ஒரு பார்சல் வந்தது நினைவுக்கு வந்தது. ஏப்ரலில் வந்தது. எங்கேயோ வைத்து மறந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

மறக்கவில்லை. என் பீரோவில், பட்டுப் புடவைகளுக்குப் பின்னால் இருந்தது. நான்தான் வைத்தேன்.

ஜூன் 21, சனி

இது ஷெரினுக்கு இல்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

செப்டம்பரில் அகிலனுக்குப் பெண் வீட்டார் பேச வந்திருந்தார்கள். வண்டி வந்து நான்கு நாள். சம்பந்தி அதை மெச்சினார். இரண்டு சீட் வண்டியில் குடும்பம் எப்படிப் போவது என்று நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். “உனக்கு இதெல்லாம் புரியாது, போய்க் காப்பி எடுத்துட்டு வா” என்றார். அத்தனை பேர் முன்னால். காப்பி கொண்டு வந்தேன். அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரும் நிறுத்திவிட்டார்.

ஏழு மாதம். மாராத்தாள் வழியாகச் சேதி போகும், வரும். கல்யாணத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஐந்நூறு பேரோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அந்தப் பார்சல் ஏப்ரல் 26, சனிக்கிழமை வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அன்று மத்தியானம் மாராத்தாளிடம், “பார்சல் ஏதாச்சும் வந்துதா?” என்று என் காதில் விழுகிற மாதிரி கேட்டார். ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். என்னிடம் கேட்கட்டும், கொடுக்கிறேன் என்று இருந்தேன். திங்கட்கிழமை, வராத ஃபில்டருக்காகக் காத்திருக்காமல் பழையதைச் சுத்தம் செய்யப் போய்விட்டார்.

பார்சலை இன்று மடியில் வைத்தேன். ஒற்றைக் கையாலும் பல்லாலும் பிரித்தார். உள்ளே புது ஃபில்டர். எங்கே இருந்தது என்று கேட்கிற மாதிரி பார்த்தார். எனக்குப் புரியாதது போல இருந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் ரஹமத்துல்லாவுக்குப் போன் செய்தேன். ஊட்டிப் பக்கம் ஒரு வேலையில் இருக்கிறார், வர ஒரு வாரமாகும். அதுவரை இவர் தாங்கமாட்டார், நானே மாட்டினால் என்ன என்று கேட்டேன். நீங்களா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, “அதொண்ணும் கம்பசூத்திரம் இல்லீங்கம்மா. நானே சொல்றேன், எழுதிக்கங்க” என்றார்.

எழுதிக்கொண்டது: பெட்டியில் ஆறு ஸ்க்ரூ, தலை நட்சத்திரம் மாதிரி இருக்கும், சாதாரண ஸ்க்ரூ டிரைவர் சேராது. எஞ்சினுக்குள் போகிற குழாயின் வாயை முதலில் சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். பெட்டியை வாக்குவம் போட்டு உறிஞ்சி, துடைத்து, பிறகு புதியதை வைக்க வேண்டும். ஓரத்து ரப்பர் எங்கும் மடங்கக் கூடாது. மூடும் முன் துணியை எடுக்க மறக்கக் கூடாது. இதை மூன்று தடவை சொன்னார்.

வாக்குவத்தை எடுக்கும்போது மாராத்தாள், விழுந்த அன்றைக்கும் ஐயா இதைக் கேட்டார், கரண்ட் இல்லாததால் பிரஷ்ஷை எடுத்துப் போனார் என்றாள். அன்று மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஏழிலிருந்தே கரண்ட் இல்லை. அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது, சட்னியைப் பின்கட்டு அம்மியில் அரைத்தாளாம்.

ஜூன் 25, புதன்

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, இடது கையில் டார்ச்சைக் கொடுத்தேன். ஆறு ஸ்க்ரூவில் நான்கை அவர் கழற்றி ஒரு டம்ளரில் போட்டிருந்தார். மீதி இரண்டைக் கழற்ற எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒன்று கை நழுவி எஞ்சினுக்கு அடியில் போய்விட்டது. இவர் டார்ச்சை அந்த இடத்துக்கே அடித்துக் காட்டினார். நீளக் கம்பி முனையில் காந்தம் வைத்த கருவி ஒன்று அவர் பெட்டியில் இருந்தது, அதை விட்டு எடுத்தேன்.

பழைய ஃபில்டரை வெளிச்சத்தில் பார்த்தேன். வேப்பம்பூ, ஈசல் இறகு, இலவம் பஞ்சு, ஒரு முழு மூங்கில் இலை. மூங்கில் இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது? மலையடிவாரத்துக்குத்தான் போயிருப்பார் போல. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்னென்னவோ நினைத்திருந்தேன்.

துணியால் குழாயை அடைத்தேன், பெட்டியை உறிஞ்சினேன், துடைத்தேன். புதிய ஃபில்டரை வைத்தபோது “ஆமா, ஆமா” என்றார். சரி என்று மூடப் போனால், டார்ச்சை மடியில் போட்டுவிட்டு ஊன்றுகோலை எடுத்துப் பம்பரில் தட்டினார். தலைகீழாக வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வாயைக் கவனிக்கவில்லை, புருவத்தை மட்டும் பார்த்தேன். திருப்பி வைத்ததும் ரப்பர் தானாக அமர்ந்தது. துணியை உருவி அவர் மடியில் போட்டேன். ஆறு ஸ்க்ரூ, தகடு, விரிப்பு. டிக்கியைச் சாத்தினேன்.

அவர் சிரித்தார். இடது பக்கம் மட்டும் வருகிற சிரிப்பு. என் கையில் இருந்த கரியைத் துடைக்கத் துணியை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“பார்சல நாந்தானுங்க ஒளிச்சு வெச்சேன்” என்றேன். சிரிப்பு அப்படியே இருந்தது. புரிந்ததா, தெரியவில்லை. புரியவில்லை என்றால் மற்றதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதுதான் நான் செய்த தவறா, அல்லது அதுதான் சரியா, இப்போதும் குழப்பமாகவே இருக்கிறது.

“அன்னிக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுதுங்க. எட்டேகால் இருக்கும். மிக்ஸி ஒண்ணும் ஓடல. வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். தமயந்தின்னு கூப்பிட்டீங்க. ஏழு மாசத்துல மொத தடவ. இன்னொருக்கா கூப்பிடட்டும்னு இருந்துட்டேன்.”

இன்னொரு தடவை கூப்பிடவில்லை. உரித்து முடித்தேன், இட்லி ஊற்றினேன், அதன் பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீம்பாகவே இருந்தேன். இதையும் சொன்னேன்.

டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. அவர் அதை அணைக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

என் கையால் சாப்பிட மறுத்துவிட்டார். மாராத்தாள் ஊட்டினாள்.

ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 27, வெள்ளி

நான் அறைக்குள் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஷெரின் பயந்துபோய், மறுபடி ஏதாவது அடைப்பாக இருக்குமோ, டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். காட்ட வேண்டாம் என்றேன். அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். சொன்னது ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கிறது. ஆள் முழுசாக உள்ளேதான் இருக்கிறார்.

சமையலறைக்கு வந்து அழுதேன். துக்கம்தான் என்றால் அப்படி இல்லை. சந்தோஷம் என்று எழுதவும் கை வரவில்லை.

ஜூன் 28, சனி

அகிலனுக்குப் போன் செய்து இரண்டு விஷயம் சொன்னேன். வண்டியை விற்கப் போவதில்லை என்பது ஒன்று. எட்டேகால் மணி என்பது மற்றொன்று.

எட்டேகாலா என்று ஒரு தடவை கேட்டான். பிறகு, “அப்பறம் பேசறேம்மா” என்று வைத்துவிட்டான். சாயங்காலம் அவனே கூப்பிட்டு, அப்பா சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டான். மாராத்தாள் ஊட்டினாள் என்றேன். சரி என்றான்.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஆறரைக்கு அறையில் ஆள் இல்லை. மாராத்தாள் வாசலைக் காட்டினாள். தானே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, அவள் பிடிக்கப் போனதற்குக் கையைத் தட்டிவிட்டு, ஷெட்டுக்குப் போயிருக்கிறார். போய்ப் பார்த்தேன். வண்டியின் இடது பக்கக் கதவருகே நிற்கிறார். என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தபடி நின்றார்.

சாவி எடுத்து வந்தேன். நானும் மாராத்தாளும் சேர்ந்து அவரை உள்ளே இறக்கினோம். அவ்வளவு தாழ்வான சீட். நான் என் பக்கம் உட்காரவில்லை, விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு எப்போதும் சார்ஜர் மாட்டி வைப்பது இவர் வழக்கம், அது அப்படியே இருந்தது. கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் ஒரே உறுமல். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு கண்ணைத் திறந்து, முன்னால் பார்த்தார்.

என் சின்னக் காரை இருபது வருஷமாக ஓட்டுகிறேன். அது வேறு, இது வேறு. வடவள்ளி தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் எஞ்சின் நின்றுபோனது. அவருடைய உயிரில்லாத வலது கை கியருக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் என் கை அதில் பட்டது. முதலில் மன்னிப்புக் கேட்டேன், பிறகு விட்டுவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சிறுவாணி ரோட்டில் ஒரு வளைவு. எதிரே ஒரு டிப்பர் லாரி, பஸ்ஸை முந்திக்கொண்டு நேராக எங்கள் மேல் வந்தது. எப்படித் திருப்பினேன் என்று தெரியாது, புழுதியில் இறங்கி நின்றோம். லாரி போய்விட்டது. அப்போது பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல்:

“ஏன்டா பரதேசி நாயே, ரோடு என்ன உங்கொப்பன் வீட்டுதாடா?”

ஒரு எழுத்து பிசகவில்லை. ஃபவுண்டரியில் லோடு வண்டிக்காரர்களைத் திட்டுகிற அதே குரல். நான் அவரைப் பார்த்தேன். அவர் யாரோ பேசிய மாதிரி காரின் உள்ளேயெல்லாம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து இன்னொரு முறை சொல்ல முயன்றார். “தட்டு” என்றார். “சனி, சனிக்கிழம.” அவ்வளவுதான், வரவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க அதிகமானது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன். அவரும் இடது பக்கமாகச் சிரித்தார். பிறகு இரண்டு பேருக்குமே சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

கொஞ்ச தூரம் தள்ளி ஒரு இளநீர்க்காரர். இறங்கவில்லை, ஜன்னல் வழியாகவே வாங்கினேன். வெட்டிக் கொடுத்த ஓட்டுச் சீவலால் வழுக்கையை வழித்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனேன். மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. என் கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, இளநீர்க்காரர் அடுத்த ஆளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார். பிறகு வாயைத் திறந்தார். மெதுவாகச் சாப்பிட்டார். இன்னொன்று கொடுத்தேன், அதையும் சாப்பிட்டார்.

மூன்றாவதை நீட்டியபோது, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்து, என் பக்கமே தள்ளினார். போதும் என்கிறாரா, நீ சாப்பிடு என்கிறாரா, தெரியவில்லை.

சாப்பிட்டேன்.